நாலாம் போதும்

முதல் நாள் பந்தியில் நாற்பது பேர் உட்கார்ந்தார்கள். முதல் கரண்டி சாதம் இலையில் விழுந்ததும் நாற்பது பேரும் "போதும்" என்றார்கள்.

டாக்டர் பூங்கோதை தன் அட்டையில் இருந்த கட்டங்களில் ஒன்று, ஒன்று, ஒன்று என்று எழுதிக்கொண்டே போனாள். முப்பதாவது இலையிலும் ஒன்றுதான். பதினொரு வருட ஆராய்ச்சி. உயிரணுவின் சவ்வுக்குள் புகுந்து, வயிறு நிறைந்த செய்தியைக் கேட்கும் ஏற்பிப் புரதத்தைத் தட்டி எழுப்புகிற ஒரு கொழுப்பு. பதினாறு தடவை தோற்றுப் பதினேழாவதாகப் பிடிபட்டதால் அதற்குப் பெயரே பதினேழு. புங்கம்பாளையம் ஆய்வு நிலையத்தில் அதைப் பாதிப் பேருக்கு நெய்யில் கலந்து கொடுக்க வேண்டும். மீதிப் பேருக்கு வெறும் நெய். யாருக்கு எது என்பது சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, பரிமாறுகிறவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அந்த விவரம் உறையில் போட்டு அரக்கு வைத்து இயக்குநரின் இரும்பு அலமாரியில் பூட்டப்பட்டிருந்தது. இருபத்தொரு நாள் பகல் சாப்பாடு. எத்தனையாவது கரண்டியில் போதும் என்கிறார்கள் என்று குறிக்க வேண்டும். அவ்வளவுதான் சோதனை.

வெளிநாட்டில் இதே மாதிரி சோதனை நடத்தியவர்கள் எழுதி வைத்த நடைமுறையை அவள் ஒரு வரி விடாமல் பின்பற்றியிருந்தாள். பங்கேற்பவர் போதும் என்று சொன்ன கணத்தில் பரிமாறுவதை நிறுத்து, எண்ணைக் குறித்துக்கொள் என்று அதில் இருந்தது. அதை எழுதியவர் கொங்கு நாட்டுப் பக்கம் விருந்துக்குப் போனதே இல்லை என்பது மட்டும் அதில் எங்கும் இல்லை.

நாற்பதாவது இலையை முடித்துத் திரும்பிப் பார்த்தால், முதல் இலைக்காரர் நாலாவது கரண்டியைப் பிசைந்துகொண்டிருந்தார். சமையல்காரர் சென்னியப்பன் அரிசிம்பருப்புச் சாத வாளியோடு நாலாம் சுற்றில் பாதி தூரம் வந்திருந்தார்.

"அவரு போதும்னு சொல்லிட்டாருங்கண்ணா. அப்புறம் எதுக்குப் போடறீங்க?" என்று கேட்டாள்.

"அவரு சொல்லத்தானுங்க செய்வாரு டாக்டரம்மா. போட்டதும் போதும்னு சொல்லலைன்னா அவரை என்ன மனுசன்னு நெனைப்பாங்க? அவரு சொன்னாருன்னு நாம வாளியைத் தூக்கிட்டுப் போனா நம்மளை என்ன மனுசன்னு நெனைப்பாங்க?"

அன்றைக்குப் பந்தி முடிந்ததும் பூங்கோதை சமையலறையில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, இந்த ஆள் எதைக் கெடுக்கிறார் என்பதை அவருக்குப் புரியவைத்தே தீருவது என்று ஆரம்பித்தாள். உடம்பில் ஒவ்வொரு உயிரணுவுக்கும் மேலே ஒரு தோல் இருக்கிறது, அது இரண்டு அடுக்குக் கொழுப்பு, அதில் காது மாதிரிப் புரதங்கள் மிதந்துகொண்டிருக்கின்றன, வயிறு நிறைந்தால் இரத்தத்தில் ஒரு செய்தி வரும், அந்தக் காது அதைக் கேட்க வேண்டும் என்று படிப்படியாகச் சொன்னாள். வயதாக ஆக, கண்ட எண்ணெயில் பொரித்ததைத் தின்னத் தின்ன, அந்தக் கொழுப்பு இறுகுகிறது. காது நகர முடியாமல் சிக்கிக்கொள்கிறது.

"மார்கழி மாசம் தேங்காயெண்ணெய் பாட்டல்ல ஒறைஞ்சு போற மாதிரிங்களா?" என்றார் சென்னியப்பன்.

"அதேதானுங்கண்ணா. பதினேழு உள்ள போய் அதை எளக்கி விடும். காது மறுபடி அசையும். போதும்ங்கிற சேதி காதுல விழுகும்."

அவர் வாளியைக் கவிழ்த்து வைத்தார். "அந்தக் காது சோத்துச் சேதியை மட்டுந்தான் கேக்குமுங்களா? மத்த ஆசைக்கு?"

அந்தக் கேள்வியை இதுவரை எந்த ஆய்வுக் குழுவும் அவளிடம் கேட்டதில்லை. மூளையிலும் அதே ஏற்பி இருக்கிறது, ஆனால் எலியிடம் உனக்கு வேறு என்ன ஆசை என்று கேட்க முடியவில்லை என்று உண்மையைச் சொன்னாள்.

பிறகு சென்னியப்பன் அவளுக்குப் பாடம் எடுத்தார். முப்பது வருடம் கல்யாணப் பந்தியில் வாளி தூக்கியவர். முதல் போதும் வாயால் மட்டும் வரும், கண் கரண்டியை விட்டு நகராது, அது மரியாதைக்குச் சொல்வது. இரண்டாம் போதுமுக்குத் தலை ஆடும், ஆனால் கை தானாக இலையை விட்டு ஒதுங்கி இடம் கொடுக்கும். மூன்றாவதுக்கு ஒரு கை இலைக்குக் குறுக்கே வரும். விரல்களுக்கு நடுவே சந்து இருந்தால் அந்தச் சந்துக்குள் போட வேண்டும், இல்லையென்றால் ஊருக்குப் போய்க் குறை சொல்லுவார்கள்.

"நாலாவதுதானுங்க நெசம்" என்றார். "ரெண்டு கையையும் விரிச்சு எலையை மூடிப்போட்டு ஆளே முன்னால சாஞ்சுக்குவாரு. அப்ப வாய் பேசாதுங்க. அதுக்கு மேல போட்டா அது பகை."

மறுநாள் முதல் பூங்கோதையின் அட்டையில் புதிய கட்டங்கள் வந்தன. நாலாம் போதும் எத்தனையாவது கரண்டியில் வருகிறது என்பதுதான் இனி அளவு. இயக்குநர் நல்லதம்பி அதைப் படித்துவிட்டு, இதை எந்த ஆங்கிலப் பத்திரிகையில் எப்படி எழுதுவீர்கள் என்று கேட்டார். படம் வரைந்து எழுதுவேன் என்றாள். சென்னியப்பனின் கைகளையே மாதிரியாக வைத்து நாலு படம் வரையவும் செய்தாள்.

பத்து நாளில் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. பந்தியில் பாதிப் பேர் ஐந்து, ஆறு கரண்டி என்று வழக்கம்போல் போய்க்கொண்டிருக்க, மீதிப் பேர் இரண்டாவது கரண்டியில் இலையை மூடினார்கள். கரும்புத் தோட்டத்துக்காரர் ஒருவர் பக்கத்துக் காட்டுக்காரரோடு ஒன்பது வருடமாக நடத்திய வேலித் தகராறை, ஒரு முழம் இடந்தானே என்று விட்டுவிட்டு வந்து சொன்னார். பங்கேற்றவர்களில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் சேலையைப் புரட்டிக் காட்டும்போது மூன்றாவது சேலையோடு நிறுத்திவிட்டதாகவும், வந்த பெண்கள் கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டதாகவும் தகவல் வந்தது. பூங்கோதை இவற்றைத் தனியாக ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தாள்.

சோதனை முடிந்து இரண்டு வாரத்தில் சென்னையிலிருந்து செயலாளர் மாசிலாமணி வந்தார். அவர் கொண்டு வந்த தாளில் புங்கம்பாளையம் தாலுகா அலுவலகத்தின் திங்கட்கிழமை மனுக்கள் ஒரு கோடாக வரையப்பட்டிருந்தன. சோதனை தொடங்கிய வாரம் நூற்று முப்பத்தெட்டு. ஐந்து வாரம் கழித்து முப்பத்தொன்று.

"உங்க கொழுப்பு சோத்தை மட்டும் குறைக்கலை டாக்டர்" என்றார் அவர், ரொம்ப மென்மையாக. "ஜனங்களுக்கு இருக்கிறதே போதும்னு ஒரு மனசு வந்திருக்கு. இதை ரேஷன் பாமாயில்ல கலந்தா மாவட்டத்துக்கே வரும். வியாழக்கிழமை மதியம் நான் மறுபடி வர்றேன். அறிக்கையில நீங்க கையெழுத்துப் போட்டா போதும், பொங்கலுக்குள்ள ஆரம்பிச்சுடலாம்."

இயக்குநருக்கு முகம் நெய் தடவினது போல் பளபளத்தது. ஆய்வு நிலையத்துக்குப் புதுக் கட்டடம், பூங்கோதைக்கு இருபது பேர் கொண்ட தனிப் பிரிவு. பதினொரு வருடம் குழாயும் குப்பியும் கேட்டு எழுதிய கடிதங்களை அவள் நினைத்துப் பார்த்தாள். சந்தோஷம் வரவில்லை. ஏனென்றால் முந்தின நாள்தான் சென்னியப்பன் ஒரு செய்தி சொல்லியிருந்தார்: இருபத்துமூன்றாம் இலைக்காரி பாவாயக்கா இப்போதெல்லாம் தாலுகா ஆபீஸ் பக்கமே போவதில்லை, வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள்.

பாவாயியை ஊரில் தெரியாதவர்கள் கிடையாது. புருஷன் செத்தபின் வீட்டு மனைப் பட்டாவைத் தன் பேருக்கு மாற்றக் கேட்டு ஆறு வருடமாகத் திங்கட்கிழமை வரிசையில் முதல் ஆளாக நிற்பவள். இறப்புச் சான்று கொடுத்தால் வாரிசுச் சான்று, அதைக் கொடுத்தால் வில்லங்கச் சான்று, அதையும் கொடுத்தால் வாரிசுச் சான்றில் முத்திரை மங்கல் என்று பட்டாப் பிரிவு எழுத்தர் அவளிடம் இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். அவளும் சளைக்காமல் கொண்டுவந்தாள். அப்படிப்பட்டவள் வீட்டோடு உட்கார்ந்துவிட்டாள் என்றால், அவளுக்கு நியாயமாக வரவேண்டியதைக் கேட்கிற மனதையே தான் சுரண்டி எடுத்துவிட்டதாகப் பூங்கோதைக்குத் தோன்றியது. வேலித் தகராறு விட்டுப்போனால் நல்லது. பட்டா விட்டுப்போனால்? மாவட்டம் முழுக்க இப்படி எத்தனை பாவாயி?

புதன்கிழமை காலை இயக்குநர் முன்னிலையில் அரக்கை உடைத்தார்கள். பதினேழு சாப்பிட்ட இருபது பேரில் பத்தொன்பது பேர் இரண்டு கரண்டியில் இலையை மூடியவர்கள். இருபதாவது ஆள் பாவாயி. ஆனால் அவள் முதல் நாள் ஐந்து கரண்டி, கடைசி நாளும் ஐந்து கரண்டி.

"ஒரு ஆள்தானுங்களே, அழிச்சிடுங்க. கோடு அழகா வந்துடும்" என்றார் நல்லதம்பி.

பூங்கோதை அழிக்கவில்லை. வயிற்றுக்குப் போதும் என்ற செய்தி கேட்காத ஒருத்திக்குப் பட்டா மட்டும் எப்படிப் போதும் ஆகும்? இன்னொன்றும் இப்போதுதான் உறைத்தது. பதினேழு கலந்த நெய் தின்றது இருபது பேர். மனுவில் குறைந்தது நூற்றேழு. இருபது பேர் திருப்தியானால் நூற்றேழு மனு எப்படிக் குறையும்? இதைச் செயலாளர் கேட்கவில்லை, இயக்குநர் கேட்கவில்லை, வெட்கக்கேடு என்னவென்றால் அவளும் கேட்கவில்லை.

சென்னியப்பனின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து பாவாயி வீட்டுக்குப் போனாள். பாவாயி வெங்காயத் தட்டை ஒதுக்கிவிட்டு வந்தவர்களுக்கு மோர் கொடுத்தாள். பூங்கோதை சுற்றி வளைக்காமல், நீங்கள் அலுவலகத்துக்குப் போகாமல் இருப்பது என் நெய்யினால்தான் என்று பயமாக இருக்கிறது என்றாள்.

"ஆமா கண்ணு, உன்ர நெய்யினாலதான்" என்றாள் பாவாயி. எழுந்து உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்து பூங்கோதையின் மடியில் வைத்தாள். அதற்குள் அவள் பேரில் பட்டா இருந்தது. தேதி மூன்று வாரத்துக்கு முந்தியது.

கதை மெதுவாக வெளியே வந்தது. முதல் நாள் பூங்கோதை எல்லாரையும் உட்காரவைத்து, இந்த நெய் சாப்பிட்டால் போதும் என்ற எண்ணம் சீக்கிரம் வரலாம், சம்மதம் இருக்கிறவர்கள் மட்டும் கையெழுத்துப் போடலாம் என்று விளக்கினாளே, அதைப் பாவாயி கவனமாகக் கேட்டிருக்கிறாள். ஒருத்திக்காக அடுப்புப் பற்றவைக்கும் சோம்பலில்தான் சோதனைக்குச் சேர்ந்தாள். சாப்பாடு வேண்டும், நெய் வேண்டாம். இலைக்கு இலை தனிக் கிண்ணத்தில் வைத்த நெய்யைத் தினமும் ஒரு மருந்துக் குப்பியில் ஊற்றிச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டாள்.

"எனக்குப் போதும்னு வந்துட்டா பட்டாவுக்கு ஆரு கண்ணு அலையறது? போதும்னு வரவேண்டிய ஆளு வேற எடத்துல உக்காந்திருந்தாரு."

பருப்புப் பூரணம் வைத்து அந்த நெய்யை ஊற்றி ஒப்புட்டு சுட்டாள். திங்களும் வியாழனும் எழுத்தரின் மேஜையில் கொண்டுபோய் வைத்தாள். முதல் வாரம் அவர் ஒப்புட்டையும் தின்று இன்னொரு சான்றும் கேட்டார். இரண்டாம் வாரம் சான்றின் பெயரைச் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தார். மூன்றாம் வாரம் அவளுடைய கட்டைப் பிரித்து, ஒவ்வொரு தாளாகத் தடவிப் பார்த்து, "இருக்கறதே போதும்மா" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அன்று சாயங்காலமே அலமாரியைத் திறந்து மற்றவர்களின் கட்டுகளையும் எடுத்தாராம். இப்போது அவர் மேஜையில் ஒரு தாள் தேங்குவதில்லை; அதே மனுவோடு வாராவாரம் வந்தவர்களுக்கு மறுபடி வர வேலையில்லை. ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடுகிறார். ஆளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவர் சம்சாரம் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாள்.

சென்னியப்பன் மோர் டம்ளரை வைத்துவிட்டுச் சிரிப்பை அடக்க வெளியே போனார். பூங்கோதைக்குச் சிரிப்பு வந்தாலும் வேலையின் தர்மம் விடவில்லை. ஒருத்தரிடம் கேட்காமல் இப்படிக் கொடுப்பது தப்பில்லையா என்றாள்.

"கேக்காமக் குடுத்தாத்தான் கண்ணு அது ஒப்புட்டு" என்றாள் பாவாயி. "அவரு கேட்டுக் குடுத்தா அதுக்கு வேற பேரு."

நாற்பது நாளில் சவ்வுக் கொழுப்பு புதுசாகிவிடும், பிறகு அவர் பழையபடி ஆகிவிடுவார் என்று பூங்கோதை எச்சரித்தாள். அதற்குள் ஊரில் பாதிப் பேருக்குப் பட்டா வந்துவிடும் என்று பாவாயி வெங்காயத் தட்டை மறுபடி இழுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மதியம் மாசிலாமணி வந்தார். பங்கேற்றவர்கள் சாப்பிட்ட அதே கூடத்தில், அதே அரிசிம்பருப்பு. நெய்க் கிண்ணத்தை அவர் விரலால் தள்ளி வைத்துவிட்டார். தனக்குக் கொலஸ்ட்ரால் இருக்கிறதாம். முதல் கரண்டிக்குப் போதும் என்றார். சென்னியப்பன் போட்டார். மூன்றாவதுக்கு விரல் சந்தில் போட்டார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, மேஜைக்கு வந்து அறிக்கைக் கோப்பைத் திறந்தார். இயக்குநர் பேனாவின் மூடியைக் கழற்றிப் பூங்கோதையிடம் நீட்டினார்.

அவள் ஏற்கனவே கையெழுத்துப் போட்டிருந்தாள். கையெழுத்துக்கு மேலே சில வரிகளும் எழுதியிருந்தாள். பெயர் சொல்லாத ஓர் எழுத்தர், மூன்று வாரம் கொஞ்சம் நெய், நூற்றேழு மனு. மனு கொடுப்பவர்களுக்குப் பதினேழைக் கொடுத்தால் மனு குறையும் என்பதற்கு இந்த ஆய்வில் ஆதாரம் இல்லை. மனு வாங்குபவர்களுக்குக் கொடுத்தால் குறைகிறது. எனவே அடுத்த சோதனையைச் சம்மதம் பெற்று அலுவலகங்களில், மேலிருந்து கீழாக நடத்தப் பரிந்துரைக்கிறேன்.

மாசிலாமணி இரண்டு தடவை படித்தார். "மேலிருந்துன்னா எங்கிருந்து?" என்று கேட்டார்.

"செயலகத்துலிருந்துங்க சார். நீங்க சம்மதிச்சா முதல் இலை உங்களுக்கே போடலாம். இருபத்தொரு நாள்தான்."

இயக்குநர் கழற்றிய மூடியைப் பேனாவுக்கு மாட்டத் தெரியாமல் தடுமாறினார். செயலாளர் ஒன்றும் பேசவில்லை. கோப்பை மூடினார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அதன் மேல் வைத்து, மெல்ல முன்னால் சாய்ந்துகொண்டார்.

வாளியோடு வாசலில் நின்ற சென்னியப்பன் பூங்கோதையைப் பார்த்து நாலு விரலைக் காட்டினார்.

பாமாயிலில் கலக்கிற பேச்சு அதோடு நின்றது. அதே கையோடு அவளுடைய ஆய்வும் நின்றது. பதினைந்து நாளில் வந்த கடிதம், புங்கம்பாளையம் ஆய்வு முழுத் திருப்தி அளிப்பதால் அது நிறைவுற்றதாகக் கருதப்படுகிறது என்றது. இருபது பேர் கொண்ட பிரிவும் இல்லை, புதுக் கட்டடமும் இல்லை. நல்லதம்பி இரண்டு நாள் அவளோடு பேசவில்லை; மூன்றாம் நாள் வந்து, ஜன்னல் ஓரத்துப் பழைய அறை காலியாகத்தான் இருக்கிறது, யாரும் கேட்கவில்லை என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கடிதம் வந்த அன்று பூங்கோதை தாமதமாகத்தான் சாப்பிடப் போனாள். கூடத்தில் வேறு யாரும் இல்லை. சென்னியப்பன் இலை போட்டு, அரிசிம்பருப்பு வைத்து, சமையலறை நெய்யை ஊற்றினார். அது வெறும் நெய்தான் என்று அவளே கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"அவ்வளவுதானுங்களா டாக்டரம்மா? பதினொரு வருசம் பண்ணியாச்சு, போதுமுங்களா?" என்றார் அவர், கரண்டியை வாளியிலேயே வைத்துக்கொண்டு.

சோற்றைப் பிசைந்தபடியே அவள் யோசித்தாள். அந்தக் காதில் வயிற்றுச் செய்தி மட்டும் விழ வேண்டும், பட்டாச் செய்தி விழக் கூடாது. கொழுப்பின் வால் பக்கத்தில் ஒரே ஒரு வளைவை மாற்றிப் பார்த்தால் என்ன? பதினெட்டு.

"போதுமுங்கண்ணா" என்றாள். வாய் மட்டும்தான் சொன்னது. கண் கரண்டியின் மேலேயே இருந்தது.

சென்னியப்பன் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் அடுத்த கரண்டியை வைத்தார்.